யானைக் காவலனுக்கு வைத்த பொட்டு

உலகம் போற்றும் ஓர் அறிவியல் தொழில்நுட்ப விருதை வாங்கியே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது என் கையில் பாதி மிளகாய் பஜ்ஜி இருந்தது. மீதிப் பாதி வாயில்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த பேப்பரில்தான் அந்தச் செய்தி. எங்கோ ஒரு குளிர் நாட்டில், மனித வாழ்க்கையை மேம்படுத்தும் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கிற சர்வதேச விருதாம். படத்தில் கோட்டு சூட்டு போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் விருது வாங்கிய விஞ்ஞானியின் முகம் இருந்த இடம் மட்டும் எண்ணெயில் ஊறி ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாக என் கட்டைவிரல் தெரிந்தது.

இதைவிடத் தெளிவாக ஒரு பேப்பர் யாரையும் கூப்பிட முடியாது.

எனக்கு அப்போது இருபது வயது. பெயர் செல்வி. பாரூர்க்காரி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். டிரெய்னி என்றால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவள். (அதையும் பல நாள் தப்பான சைஸில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.) ஆனால் லேடீஸ் ஹாஸ்டல் கட்டிலில் படுத்து மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்கும்போதெல்லாம், இந்த உலகத்தைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றும். ஃபேன் சரியாகச் சுற்றாது. அதைச் சரிசெய்யத் தோன்றியதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருதுதான் முதலில் முடிவாயிற்று. எதைக் கண்டுபிடித்து வாங்குவது என்பது பாக்கி.

அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பக்கம் முழுசாகத் திறப்பதற்குள் இரண்டு முறை கரண்ட் போனது. ஒருவழியாகப் படிவத்தை பிரிண்ட் எடுத்து வாசித்தால், அதில் ஒரு விதி என்னை உலுக்கிவிட்டது. தன் பெயரைத் தானே முன்மொழியக் கூடாதாம். விஷயம் தெரிந்த வேறொருவர், ஒரு பேராசிரியரோ அந்த அளவுக்குப் பெரியவரோ, 'இவர் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். (தன் பிறந்தநாளுக்குத் தானே ஃப்ளெக்ஸ் வைத்துக்கொள்கிற ஊர்ப்பக்கம் வளர்ந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று அந்தக் குளிர் நாட்டுக்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லை.)

நான் படித்த பாலிடெக்னிக்குக்குப் போய் பிரின்சிபாலிடம் படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, என்னை ஒருமுறையும் படிவத்தை ஒருமுறையும் பார்த்தார். "உன் பேர்ல ரெண்டு லைப்ரரி புக்கு திரும்ப வரலையேம்மா" என்றார்.

ஆக, கண்டுபிடிப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மற்றபடி விருது ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.

கண்டுபிடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாரண்ணன். கிரைண்டிங் மிஷின் ஆபரேட்டர். தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரத்தில் அவர் கிராமம். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். ஒருநாள் காலை ஷிஃப்டில் மிஷினில் சாய்ந்துகொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்ன கேடு? ராத்திரி பூரா ஆனெ காவலு பாப்பா. அப்டியும் ராகி அரை ஏக்கரு போச்சு. தகரம் தட்டறோம், பட்டாசு போடறோம். அதுபாட்டுக்கு நின்னு எங்கள ஒரு பார்வ பாக்குது, 'ஆச்சா?'ன்னு கேக்கற மாதிரி. பொறகு சாப்ட ஆரம்பிக்குது. ஏனு மாடோது?"

'ஏனு மாடோது' என்றால் கன்னடத்தில் 'என்ன செய்ய' என்று அலுத்துக்கொள்வது. எங்கள் கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு முறை சொல்வது. எனக்கு மட்டும் அன்று அது உண்மையான கேள்வியாகக் கேட்டது. நான் செய்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவரை மனித வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து மேம்படுத்துவது என்று தெரியாமல் இருந்தவளுக்கு ராகிக் கொல்லைப் பக்கமாக வழி திறந்தது.

இரண்டே மாதத்தில் 'யானைக் காவலன் - 1' தயார். (பின்னால் 'ஒன்று' என்று போட்டால்தான் இரண்டும் மூன்றும் வரும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.)

அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்; பின்னால் நடந்த எல்லா அசிங்கத்துக்கும் இதுதான் காரணம். எதிரெதிரே இரண்டு இரும்புக் கம்பங்கள். ஏழடி உயரத்தில், ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோடு. அந்தக் கோட்டை ஒருமுறை மறித்தால் போதும், விடியும்வரை சைரன் அலறும். ஏழடி எதற்கு என்றால், ஆள், மாடு, நாய் எல்லாம் அடியில் போய்விடலாம். ஏழடி உயரத்துக்கு இந்த வட்டாரத்தில் நடமாடுவது யானை ஒன்றுதான். இந்த யோசனைக்காக நான் என்னையே பல முறை பாராட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு பெட்டி. இடுப்பு உயரத்தில் நிற்கும். அதன் நெற்றி நடுவில் வட்டமாக, வெள்ளி நிற வளையம் போட்டு, ஒரு கண்ணாடிக் கண். பகலா இரவா என்று பார்ப்பது அதன் வேலை. வெளிச்சம் இருக்கும்வரை காவலன் தூங்குவான். கால் மணி நேரம் விடாமல் இருட்டாக இருந்தால், ராத்திரி வந்துவிட்டது என்று முடிவுகட்டி எழுந்து வேலைக்கு நிற்பான். (நடுவில் மேகம் மூடினால் ஏமாறக் கூடாதே என்றுதான் கால் மணி. அவ்வளவு முன்யோசனை எனக்கு.)

சைரன்தான் மிச்சம். அது ஸ்கிராப் யார்டில் கிடைத்தது. தீ விபத்து எச்சரிக்கைக்காகக் கம்பெனி ஒரே மாதிரி இரண்டு சைரன் வாங்கியதில் ஒன்று, மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து வாய் நசுங்கிப்போயிருந்தது. முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாய்தான் நசுங்கல், குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹாஸ்டலில் சோதித்துப் பார்க்கும்போது வார்டனுக்குப் பயந்து அதன் வாயில் இரண்டு துப்பட்டாவைத் திணித்துவிடுவேன். அதனால் அது சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரித்தான் கத்தும். அதன் நிஜக் குரலை நான் யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஆனால் அந்தக் குரலுக்காகவே வாழ்ந்த ஒருவர் எங்கள் கம்பெனியில் இருந்தார். சேஃப்டி ஆபீசர் டேவிட் சார். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச். சைரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஓடாமல் வேகமாக நடந்து, கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடிக்கு வந்து, டிபார்ட்மென்ட் வாரியாக வரிசையில் நின்று, தலை எண்ணிக்கை கொடுக்க வேண்டும். மாதம் தவறாமல் ஒத்திகை நடத்துவார். நாலு நிமிஷத்துக்குள் எல்லோரும் வந்து சேர வேண்டும் என்பது அவர் கனவு. ஒரு முறைகூட நடந்ததில்லை. ஜனங்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் தீயிலிருந்து தப்பிப்பார்கள். "நெஜமாவே தீப்புடிச்சா என்னப்பா பண்ணுவீங்க?" என்று அவர் கேட்டதற்கு மாரண்ணன், "டீ சூடா இருக்கும் சார்" என்று பதில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கையெழுத்துக்கும் ஓர் ஆள் கிடைத்தார். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டில் ஒரு தாய்க் கம்பெனி உண்டு. அதன் தலைமை இன்ஜினியர் லார்ஸ் வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு பல்கலைக்கழகத்தில் கௌரவப் பேராசிரியர் வேறு. ஆயுத பூஜைப் பொரிகடலை அவருக்கு உயிர் என்பதால் பயணத்தை அதையொட்டித்தான் வைத்துக்கொள்வார். பூஜைக்கு முந்தின நாள் கேன்டீனில் தட்டோடு நின்ற அவரை மடக்கி, மூன்று நாளாக மனப்பாடம் செய்த இங்கிலீஷை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். நடுவில் மூச்சு விட்டால் மறந்துவிடும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நாளை பூஜை முடிந்ததும் நான் விமானத்துக்குக் கிளம்ப வேண்டும். அதற்குமுன் பத்து நிமிடம் உனக்கு. எந்திரம் வேலை செய்தால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். சட்டைப் பையில் செருகியிருந்த பச்சைப் பேனாவைத் தட்டிக் காட்டினார். படிவம் போய்ச் சேரக் கடைசி நாளுக்கு இரண்டே வாரம். அந்தப் பேனாவைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு பேனா இல்லை.

டெமோவுக்குத் திட்டம் இதுதான். நான் பெட்டியின் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடி இரவாக்குவேன். கால் மணி காத்திருக்க வைக்காமல் ஒரு சுவிட்சால் காவலனை உடனே எழுப்பிவிடுவேன். மாரண்ணன் அட்டையில் செய்த யானைத் தலையை மூங்கில் கம்பில் உயர்த்திப் பிடித்தபடி கம்பங்களுக்கு நடுவே நடந்து வருவார். சைரன் அலறும். லார்ஸ் பேனாவை எடுப்பார். டேவிட் சாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பூஜை போட்ட எந்திரத்தை அன்று ஓட்டக் கூடாது. பொட்டு வைத்துவிட்டால் அது ஆயுதம் இல்லை, சாமி. மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் தொடலாம். அதனால் எல்லோரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லி வைத்தேன். "என் மிஷினுக்கு மட்டும் டெமோ முடிஞ்சப்புறம்தான் பொட்டு. அதுவரைக்கும் யாரும் கிட்டயே வரக்கூடாது." எல்லோரும் சரி என்றார்கள்.

பூஜையன்று ஷெட் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பிரஸ் மிஷின், லேத், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்யூட்டர் மானிட்டர், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றன. குடும்பத்தோடு வரலாம் என்பதால் பட்டுப் புடவைகளும் கைக்குழந்தைகளும் பலூன்களும். நுழைவழியில் என் இரண்டு கம்பங்களை நட்டிருந்தேன். யாரோ அவற்றை வரவேற்பு வளைவு என்று நினைத்து மாவிலைத் தோரணம் கட்ட வந்தார்கள். இலை தொங்கினால் ஒளிக்கோடு மறிக்கப்படும் என்பதால் விரட்டிவிட்டேன். சைரன் வாயிலிருந்த துப்பட்டாக்களையும் உருவினேன். சர்வதேச டெமோவுக்குச் சளி பிடித்த கன்றுக்குட்டி போதாது.

கம்பங்களைக் காப்பாற்றிய பெருமையோடு லார்ஸை வரவேற்க கேட்டுக்குப் போனேன். பெட்டியைக் காப்பாற்ற ஆள் போடவில்லை.

அந்த நேரத்தில்தான் பாரூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள் என் அம்மா. வந்தவளிடம் யாரோ சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார்கள். எல்லா எந்திரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தவள், மாரண்ணனிடம் விசாரித்து என் பெட்டியைக் கண்டுபிடித்திருக்கிறாள். பொட்டுக்குத் தடை என்பதை அவர் சொல்வதற்குள், அட்டை யானைக்கு ஒரு காது பிய்ந்துவிட்டது என்று யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா பிறகு கொடுத்த வாக்குமூலம்: "ஊரு மிசினெல்லாம் பொட்டும் பூவுமா நிக்குது. எம்பொண்ணு மிசின் மட்டும் மூளியா நிக்குதேன்னு வயிறு எரிஞ்சுபோச்சு. நெத்தியில வேற வட்டமா ஒரு எடம் விட்டு வச்சிருக்க. நான் என்னான்னு நெனைப்பேன்?"

உண்மைதான். வெள்ளி வளையம் போட்டு, நெற்றி நடுவில், கட்டைவிரல் அளவுக்குச் சரியாக ஒரு வட்டம். உலகத்திலேயே பொட்டு வைக்க அவ்வளவு பொருத்தமான இடம் வேறு கிடையாது. அம்மா தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டாள்.

பட்டப்பகலில் யானைக் காவலனுக்கு இரவு வந்தது. அவன் கால் மணியை எண்ணத் தொடங்கினான்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் லார்ஸுக்குப் பின்னால் நின்று பச்சைப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பிரஸ் மிஷினுக்கு முன்னால் ஐயர் மணியடித்துத் தீபாராதனை காட்டினார். மாலை போட்ட லார்ஸின் தலையில் பிளான்ட் மேனேஜர் ஜரிகை வைத்த மைசூர்த் தலைப்பாகையை, அந்த உயரமான பேட்டாவைச் சூட்டினார். அதற்கு அவர் ஒரு ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். லார்ஸ் வெறும் தலையோடு ஆறே முக்கால் அடி.

உச்சியில் கற்பூரம் எரியும் பூசணிக்காயை அவர் கையில் கொடுத்தார்கள். வெளியே போய் உடைக்க வேண்டும். மேளம் முழங்க, சிரித்த முகமாக, ஓர் ஊரே பின்னால் வர, லார்ஸ் என் கம்பங்களுக்கு நடுவே நடந்தார். பேட்டா ஒளிக்கோட்டை மறித்தது.

என் சைரனின் நிஜக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குத்தான் அது என் காவலனின் குரல். மற்ற எல்லோருக்கும் அது மாதம் தவறாமல் கேட்டுப் பழகிய குரல்.

லார்ஸ் பூசணிக்காயைக் கைவிட்டார். அது பிளான்ட் மேனேஜரின் புது ஷூ மேல் உடைந்தது. மேளக்காரர்கள் அடித்த அடி பாதியில் நின்றது. அடுத்த நொடி, மூன்று வருடமாக டேவிட் சார் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அன்று யார் கையிலும் டீ இல்லை என்பதும் ஒரு காரணம். கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். ஓடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வேகமாக நடந்தார்கள். ஐயர் எரிகிற கற்பூரத் தட்டோடு நடந்தார். புங்கமரத்தடியில் பிரஸ் ஷாப், கிரைண்டிங், ஸ்டோர்ஸ், கேன்டீன் என்று வரிசை வரிசையாக நின்றார்கள். டேவிட் சார் எங்கிருந்தோ பறந்து வந்து ஸ்டாப் வாட்சை அழுத்தியபடி தலைகளை எண்ணத் தொடங்கினார். சைரனை யார் அடித்தது என்று அவர் கேட்கவே இல்லை. மேலே இருப்பவர்தான் அடித்திருக்க வேண்டும் என்று நினைத்தாராம்.

"தம்பி, நான் எந்த டிப்பாட்மென்ட்டுல நிக்கணும்?" என்று அம்மா அவரைக் கேட்டாள்.

"விசிட்டர்ஸ் தனி லைன்மா. ஐயரே, நீங்களும் விசிட்டர்தான், இந்தப் பக்கம் வாங்க. மாரண்ணா, அது என்னய்யா கக்கத்துல?"

"ஆனெ சார்."

"அது கணக்குல வராது. கீழ வை."

ஷெட்டுக்குள் நானும் காவலனும் மட்டும். அவன் அலறிக்கொண்டிருந்தான். சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்போதுதான் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டது. துடைத்தால் பகல் வந்துவிடும், பகல் வந்தால் அலறல் நிற்கும். கையை நீட்டினேன்.

"தொடாதேடி."

சைரனைத் தாண்டிக் கேட்டது அந்தக் குரல். நான் வரிசையில் வராததைப் பார்த்து அம்மா திரும்பி வந்திருந்தாள்.

"அம்மா, இத நிறுத்தணும்மா."

"பூஜ போட்ட மிசினு. நாளைக்கு மறுபூஜ வரைக்கும் ஒருத்தரும் கை வெக்கக் கூடாது."

"யாரும்மா பூஜ போட்டது?"

"நாந்தான்."

"அதுதாம்மா பிரச்சினையே."

"சாமிக்குப் பொட்டு வெச்சது ஒனக்குப் பிரச்சினையா? ஒன் வேல நெலைக்கணும்னு வேண்டிக்கிட்டு வெச்சது. அத அழிப்பியா நீ?"

என்னைக் கூட்டிப்போக வந்த மாரண்ணனையும் இன்னும் நாலு ஆபரேட்டர்களையும் ஆதரவுக்குப் பார்த்தேன். அவர்கள் ஒரே குரலில் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டார்கள். "கை வெக்காத பாப்பா. ஆயுதம்." மின்னழுத்தம் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் மரியாதையோடு கேட்டார்கள். கேட்டுவிட்டு என்னையும் நடத்திப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள்.

பெட்டிக்குள் நான் வைத்திருந்த பைக் பேட்டரி தீரும்வரை காவலன் அலறினான். அது தீர இருபது நிமிஷம் ஆயிற்று. லார்ஸின் பத்து நிமிஷம் அதற்குள் இரண்டு முறை முடிந்துவிட்டது. டெமோ காட்ட எந்திரத்தில் உயிர் இல்லை; இருந்திருந்தாலும் தொட விட மாட்டார்கள். கார் டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று லார்ஸின் முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் எல்லாம் சைரனோடு போயிருந்தது. ஆனால் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று இருந்தது. எந்திரம் தோற்கவில்லை. அது இரவு என்று நம்பியது, ஏழடி உயரத்தில் ஒரு உருவம் வந்தது, அலறியது. அறிவியல் முழு வெற்றி. இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் சுருக்கினேன்.

"சார், யூ ஆர் தி எலிஃபென்ட்."

புங்கமரத்தடியில் முன்னூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பலூன்கூட அசையவில்லை. பிளான்ட் மேனேஜர் ஷூவில் பூசணி விதைகளோடு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் டேவிட் சார் ஸ்டாப் வாட்சை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "மூணு நிமிஷம் நாப்பது செகண்டு சார். குடும்பத்தோட. ஐயரோட."

லார்ஸ் அவர் தோளில் கை வைத்தார். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். திருவிழாவின் உச்சத்தில், யாருக்கும் சொல்லாமல், குழந்தைகளையும் சேர்த்து, தன் கையிலேயே பூசணிக்காயைக் கொடுத்து ஒத்திகை வைக்கும் துணிச்சல் எவனுக்கு வரும் என்று வியந்தார். பச்சைப் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். டேவிட் சாரின் தலை எண்ணிக்கைத் தாளில், தாய்க் கம்பெனி கொடுக்கும் உலகப் பாதுகாப்புக் கேடயத்துக்கு இவரைப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கை தூரத்தில் நான் என் படிவத்தோடு நின்றேன்.

காரில் ஏறுவதற்குமுன் அவர் அதையும் வாங்கிப் பார்த்தார். எந்திரம் எப்படி ஏமாந்தது என்று மாரண்ணனின் இங்கிலீஷிலும் என் அழுகையிலுமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரிக்கவில்லை; அதுதான் அதிகம் வலித்தது. "ஒரு யானை, நிஜமான யானை, இதைக் கேட்டுத் திரும்பிப் போகட்டும். அன்று எனக்கு எழுது. கையெழுத்து உனக்காக இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பொட்டலம் பொரியோடு போய்விட்டார்.

அடுத்த சில மாதத்தில் டேவிட் சார், மாரண்ணனின் மச்சானுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். ஒரு குளிர் நாட்டு மேடையில், கோட்டு சூட்டு போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்ட, கேடயம் வாங்கினார். அந்தப் படம் இன்றும் கேன்டீனில் மாட்டியிருக்கிறது. அதில் எண்ணெய் கிடையாது. முகம் தெளிவாகத் தெரிகிறது. பொறாமை இல்லை. (இருக்கிறது.)

நான் விடவில்லை. மறுபூஜை முடிந்து, பேட்டரியை மாற்றி, பெட்டியை மாரண்ணன் கொல்லையில் கொண்டுபோய் நட்டேன். மூன்றாம் நாள் காலை ஷிஃப்டில் அவருக்காகக் காத்திருந்தேன்.

"வந்துச்சாண்ணா?"

"வந்துச்சு."

"சைரன்?"

"ஜோரா அடிச்சுச்சு."

"யானை ஓடிடுச்சா?"

மாரண்ணன் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்கூர்ல பாதிப் பேரு நம்ம கம்பெனி தான பாப்பா. சத்தம் கேட்டதும் எல்லாம் எந்திரிச்சுப் போயி ஆலமரத்தடியில லைன்ல நின்னுட்டோம்."

"எதுக்குண்ணா?"

"பழக்கம். தல எண்ணுனோம். மூணு ஜாஸ்தி வந்துச்சு. டார்ச்சு அடிச்சுப் பாத்தா, கடைசில ஆனெ நிக்குது, ஒரு குட்டியோட மூணு."

இந்தக் கதை ஓசூரிலிருந்து பாரூர்வரை போயிருக்கிறது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "தொரையப் பாத்து யானைன்னு சொன்னது இந்தப் பொண்ணுதான்" என்றுதான் அம்மா என்னை அறிமுகப்படுத்துகிறாள். உயரமான ஆள் யார் வந்தாலும் சித்தப்பா, "செல்வி, சைரன் போடு" என்கிறார். இப்போது நான் டிரெய்னி இல்லை, நிரந்தரம். அந்த வருடம் கையெழுத்தில்லாமல் வீணாய்ப்போன படிவத்துக்குப் பிறகு இரண்டு முறை புதுப் படிவம் இறக்கி வைத்துவிட்டேன். நான் செய்யும் எந்தப் பெட்டியிலும் இப்போது நெற்றியில் வெறும் பித்தளையில் ஒரு வட்டம் வைத்துவிடுகிறேன். அதற்கு ஒரு வேலையும் கிடையாது. பொட்டுக்கு மட்டும்.

'யானைக் காவலன் - 2'-இல் கண்ணைப் பெட்டிக்கு அடியில் ஒளித்தாகிவிட்டது. ஒளிக்கோடு எட்டடிக்கு ஏறிவிட்டது. சத்தம்தான் பிடிபடவில்லை. தகரத்துக்குப் பயப்படாத, பட்டாசுக்குப் பயப்படாத, சைரன் கேட்டால் வரிசையில் வந்து நிற்கிற யானைக்கு எந்தச் சத்தம் போடுவது? போன வாரம் மாரண்ணனிடம் கேட்டேன். பதில் அவரிடம் ரொம்ப நாளாகத் தயாராக இருந்த மாதிரி இருந்தது.

"உங்கம்மா கொரலப் போடு பாப்பா. அன்னிக்கு அவ்ளோ பெரிய சைரனு கத்துது. அதுக்கு மேல கேட்டுச்சே, 'தொடாதே'ன்னு. நாங்க அஞ்சு ஆம்பள, ஒரு அடி முன்னால வைக்கல. ஆனெ வெக்குமா?"

"உங்க தளிக் காட்டு யானைக்குத் தமிழ் தெரியுமாண்ணா?"

"கன்னடத்துல நான் சொல்லித் தரேன். 'தொடாதே'ன்னா 'முட்டபேடா.' அந்தம்மா சொன்னா எந்த பாஷையிலும் பயமாத்தான் இருக்கும்."

நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். லார்ஸ் இன்னும் ஓய்வு பெறவில்லை, பச்சைப் பேனா இன்னும் அவர் பையில் இருக்கிறது, ஒரே ஒரு யானை திரும்பிப் போனால் போதும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை டேப் ரெக்கார்டரோடு பாரூர் வருகிறேன், வீட்டு வாசலில் நின்று அதட்டினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா பேரம் பேசினாள். விருது மேடைக்குத் தன்னையும் கூட்டிப்போவதாக இருந்தால் சரி என்றாள். போனை வைக்கப் போனவள், மறுபடி கூப்பிட்டாள்.

"ஏண்டி, அந்த ரெக்கார்டர்ல பேசற எடம் எப்படி இருக்கும்?"

"சின்னதா, வட்டமா இருக்கும்மா. எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் அம்மா. "வர்றப்ப நல்ல சந்தனமா வாங்கிட்டு வா."